ஏழு கிணறு சுற்றிப் பெண் பார்க்கப் போனவன்

எனக்கு வழி தெரியாது. இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருடம் பிடித்திருக்கிறது. மற்ற ஊர்களில் திசை தெரியாதவன் கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சமாளிக்கலாம். திருகோணமலையில் அதுவும் முடியாது. முன்னால் ஒரு கடல், பின்னால் ஒரு துறைமுகம், பக்கத்தில் ஒரு குடா. எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான்.

இருபத்தாறு வயதில் நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் வேலை, கையில் சொந்தச் சைக்கிள். வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் மலைகளுக்கு நடுவே போட்டுவிட்டு, யுத்தம் முடிந்ததும் மறந்துபோன தார் றோட்டுகள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்று கந்தோரில் அளந்துகொண்டிருந்தேன். பஸ் இல்லை, லொறி இல்லை, இரண்டு பக்கமும் காடு, மேட்டில் ஏறினால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும் என்று வர்ணிப்பேன். (நான் அந்தப் பக்கம் போனது ஒரேயொரு முறை. அதுவும் நண்பனுடைய சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு, இறக்கம் முழுக்கக் கண்ணை மூடியபடி.)

அந்த நாட்களில்தான் உப்புவெளியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் பூமணி, பள்ளிக்கூட ரீச்சர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறவர். அப்போது எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்க்கவே ஆட்கள் வீட்டு வாசல் படலையடிக்கு வருவார்கள். நானும் இரண்டு தரம் வந்து பார்த்தவன்தான். தரகர் அதே பெண்ணின் சாதகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இந்தக் கலியாணம் சரிவராவிட்டால் வேறு கலியாணமே வேண்டாம் என்று அன்றிரவே முடிவு செய்துவிட்டேன்.

ஒரேயொரு பயம், பெண்ணின் தகப்பனார். ஓய்வுபெற்ற தபாலதிபர். முன்பு அரைமணி நேரம் பிந்தி வந்த ஒரு மாப்பிள்ளையைத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவர் என்று கேள்வி. எங்களுக்குக் குறித்த நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

அம்மா இரண்டு சட்டம் போட்டார். முதலாவது, நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. ஆகவே அம்மாவும் மாமாவும் பஸ்ஸில் முன்னாலே போய்விடுவார்கள், நான் தனியே சைக்கிளில் வரவேண்டும். இரண்டாவது, போகிறவனை யாரும் "எங்கே போகிறாய்" என்று கேட்டுவிடக்கூடாது. கேட்டால் போன காரியம் உருப்படாது.

"பெரிய றோட்டால போனா நாலு பேர் மறிச்சுக் கேப்பினம்," என்றார் அம்மா. "உனக்குத்தானே மலைக்குள்ளால றோட்டு எல்லாம் தெரியும். சனமில்லாத பாதையால வா."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

பாலையூற்றில் எங்கள் வீட்டிலிருந்து உப்புவெளிக்கு நேர் வழியில் போனால் அரைமணி நேரம். நான் எட்டு மணிக்கே கிளம்பினேன். கரை போட்ட புது வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை. காட்டு றோட்டு உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஒரு மேட்டில் நின்று துறைமுகத்தைப் பார்த்தேன். கந்தோரில் நான் விட்ட புளுகு எல்லாம் உண்மையாக இருந்ததில் எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகுதான் பிரிவுகள் தொடங்கின. ஒரு றோட்டு இரண்டாகும், இரண்டில் ஒன்று மறுபடி இரண்டாகும். யுத்தத்தில் எதிரி வந்தால் வழிதவறிச் சாகட்டும் என்றே போட்டிருப்பார்கள்போல.

நடுவில் மாடு மேய்க்கும் ஒரு பெரியவரைக் கண்டேன். வழி கேட்கலாம் என்று சைக்கிளை மெதுவாக்கினேன். அப்போதுதான் உறைத்தது. உப்புவெளிக்கு எது வழி என்று நான் கேட்டால், அங்கே எதற்குப் போகிறாய் என்று அவர் கேட்பார். கேட்டால் கலியாணம் போச்சு. அவர் வாயைத் திறக்குமுன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தேன். (அவர் "தம்பி, தம்பி" என்று பின்னால் கூப்பிட்டார். அந்தப் பாதை எங்கே போகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்.)

அடுத்து வந்தது ஓர் இறக்கம். பின் பிறேக் பிடிக்கவில்லை. முன் பிறேக்கைப் பிடிக்க எனக்குத் துணிவில்லை. வேட்டி நுனி சங்கிலிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. டர் என்று ஒரு சத்தம். சங்கிலியும் கழன்று, நானும் சைக்கிளும் ஒரு கூட்டத்தின் நடுவே போய் விழுந்தோம்.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். சதுரமான சின்னச் சின்னக் கிணறுகள், ஈர வேட்டியுடன் ஆண்கள், தர்ப்பையும் செம்புமாக ஒரு குருக்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றடி. செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய ஊர்ச்சனம் வருகிற இடம். கடலைப் பார்த்துப் போகவேண்டியவன் காட்டைப் பார்த்துப் போயிருக்கிறேன்.

எழும்புவதற்குள் வயதான ஓர் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"வந்திட்டியா மருமகன்? கந்தளாயில இருந்து சைக்கிளிலயே வந்தனியா? உன்ர சித்தப்பா கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டவர்."

அவர்கள் சல்லியிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம்; அந்த அம்மா செத்தவரின் அக்கா. செத்தவரின் தமையனுடைய மகன் கந்தளாயிலிருந்து வரவேண்டும். சின்ன வயதில் பார்த்த பிறகு யாரும் அவனைக் கண்டதில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சைக்கிளில், வேர்த்து விறுவிறுத்து நான் வந்து விழுந்திருக்கிறேன்.

"அம்மா, நான் வந்து..." என்று தொடங்கினேன்.

"கதைக்க நேரமில்ல தம்பி, பிந்திப்போச்சு," என்று குருக்கள் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்படி அழுகிறவரை விலக்கிவிட்டு நான் வேறு ஆள் என்று எப்படிச் சொல்வது? முகம் தெரியாத அந்தச் சித்தப்பாவுக்காக எனக்கும் அழுகை வந்தது. கொஞ்சம் என் கலியாணத்துக்காகவும் வந்திருக்கலாம். ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாக என் தலையில் ஊற்றினார்கள். ஏழும் ஏழு விதச் சூடு. நான்காவது கிணற்றில் பத்தரை தாண்டிவிட்டது.

ஏழாவது கிணற்றோடு உண்மையான மருமகன் வந்து சேர்ந்தான். சைக்கிளை ஒழுங்காக நிறுத்தி, இறங்கி, "மாமி" என்று கூப்பிட்டான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்கள் ஆர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான் பொம்பிளை பாக்கப் போறனான்," என்றேன். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். தம்பி செத்த நாளிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கு அடி விழாததே பெரிய நிம்மதி.

என் வேட்டி கிறீஸும் கிழிசலுமாகக் கிடந்தது. குருக்கள் தனக்குத் தானமாக வந்த பொருட்களிலிருந்து புது வேட்டி ஒன்றை உருவிக் கொடுத்தார். கூடவே தானக் குடையும்.

"வெயில் தம்பி, பிடிச்சுக்கொண்டு போங்கோ. எனக்கு வீட்டில பன்னிரண்டு குடை கிடக்கு."

கந்தளாய் மருமகன் சங்கிலியை மாட்டி, பிறேக்கை முறுக்கி, பெரிய றோட்டு வரைக்கும் கூட்டிவந்து விட்டான். "இனி நேர போங்கோ. எங்கயும் திரும்பாதேங்கோ," என்றான்.

உப்புவெளியில் நான் போய் இறங்கியபோது ஒரு மணி. ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி, மூலையில் மஞ்சள் பூசிய தான வேட்டி, கையில் குடை. கதிரையில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தெரியாத ஆளைப்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி ஏதும் செத்தவீட்டுக்குப் போட்டு வாறீங்களோ?" என்று தபாலதிபர் கேட்டார்.

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பில் இருந்த எல்லாமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. மாடு மேய்த்தவர் முதல் குடை வரை முழுவதையும் ஒப்பித்தேன். மாமா எழும்பிச் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அப்போது குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தப் பழைய றோட்டில மூண்டாவது பிரிவில வலக்கைப் பக்கம் திரும்பியிருக்க வேணும்."

பூமணி என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். உள்ளே யாரோ சிரிப்பை அடக்கும் சத்தமும் கேட்டது.

தபாலதிபர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

"நான் ஞாயிற்றுக்கிழமையில அதால சைக்கிள் ஓடுறனான் அப்பா."

அவர் மகளின் பக்கமும் பார்த்தார், என் குடையின் பக்கமும் பார்த்தார். கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு, "தேத்தண்ணி கொண்டுவாங்கோ," என்றார்.

பெண்ணின் தாயார் தேத்தண்ணியுடன் வந்து சமாதானமும் சொன்னார். "அந்தியேட்டியோட செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்சுதுதானே. இவ்வளவு குளிச்சிட்டு வந்த மாப்பிள்ளை இந்தப் பக்கத்தில ஆர் இருக்கினம்?" பிறகு அம்மாவிடம் குனிந்து, மூத்தவளின் சம்பந்தம் பேசப் போனபோது தாங்களும் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று கடற்கரை மணலில் நடந்தே போனதாகச் சொன்னார். அம்மா சுவர்ப்பக்கத்திலிருந்து மெல்லத் திரும்பினார். அந்தத் தேத்தண்ணியைப்போல ஒன்றை நான் பிறகு குடித்ததே இல்லை.

கலியாணத்துக்குச் சல்லியிலிருந்து அந்த அம்மா வந்து, "என்ர மருமகன்" என்றே எல்லோருக்கும் சொன்னார். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், குருக்கள் வாங்கவில்லை. அது இன்றும் எங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அன்றிலிருந்து சைக்கிளில் போனால் பூமணி முன்னால், நான் பின்னால். வீட்டில் யாராவது பிந்தி வந்தால் எங்கே போனாய் என்று யாரும் கேட்பதில்லை. "எத்தினையாம் கிணறு?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகளும் அதையே பழகிவிட்டார்கள்.

போன மாதம் எங்கள் மூத்த மகளைப் பார்க்க ஈச்சிலம்பற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணித்தியாலம் ஆகியும் ஆளைக் காணவில்லை. மகள் அழுவதற்கு ஆயத்தமாக இருந்தாள். நான் கேற்றுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மாமனார் அன்று எவ்வளவு பொறுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

குசினியிலிருந்து பூமணி எட்டிப் பார்த்தார்.

"ஏன் துடிக்கிறீங்கள்? இப்ப அஞ்சாம் கிணத்தில நிப்பினம். ஏழும் முடியத்தானே வருவினம்."

நான் உள்ளே போய், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.