மெமரி கார்டைத் தின்ற வெள்ளாடு

ஒரு காட்டில் ஏழு புள்ளிமான்கள் காணாமல் போயின. பழைய காலமாக இருந்தால் புலியின் வாயை முகர்ந்து பார்த்து வழக்கை முடித்திருப்பார்கள். இது கேமரா வந்துவிட்ட காடு. ஓடைக்கரை மருத மரத்துக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதன் மெமரி கார்டை உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, நீதிமன்ற வாசலில் வைத்தார்கள். அந்த வழியே வந்த சொக்கி என்னும் வெள்ளாடு உறையைத் தின்றுவிட்டது. பசை நன்றாக இருந்தது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நோக்கம் இல்லை.

செய்தி கேட்டுப் புலி வேங்கையப்பன் ஓடி வந்தான். "அடியே சொக்கி, உன்னை இப்பவே முழுங்கினாத்தான் எனக்கு நிம்மதி."

"ஒரு கவரைத் தின்னேன் அண்ணே. அது ஒரு குத்தமா?"

அதற்குள் தடயவியல் நிபுணர் கீரியார் குறுக்கே பாய்ந்தார். "தொடாதே வேங்கையப்பா! இனி இவ ஆடு இல்லை, ஆதாரம். அழிக்கக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு பாதுகாப்பு ஆணை இருக்கு. நீ இவளைத் தின்னா கார்டு உன் வயித்துக்குள்ள போயிடும். அப்புறம் நீதான் ஆதாரம். உன்னைப் பூட்டி வைப்போம்."

வேங்கையப்பன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

சொக்கியின் கழுத்தில் ஒரு படிவம் தொங்கியது. அதற்குக் காவல் சங்கிலி என்று பெயர். ஆட்டை யார், எத்தனை மணிக்குக் கையில் வாங்கினாலும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மழைக்கு ஒதுக்கிக் கட்டினாலும் ஒரு கையெழுத்து. அவள் போட்ட புழுக்கைகளைக் கீரியார் தேதிவாரியாகப் பொட்டலம் கட்டினார். கார்டு அவற்றில் இல்லை.

"அப்புறம் இது எதுக்கு ஐயா?" என்றாள் சொக்கி.

"இதுதான் மெட்டாடேட்டா. உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாது. எப்போ, எங்கே, எவ்வளவுன்னு மட்டும் சொல்லும்."

நீதிபதி யானையார் பொறுமை இழந்தார். "வயிற்றைத் திறந்து பார்த்தால் என்ன?"

"அசல்ல கை வைக்கக் கூடாதுங்க. நகல் எடுத்து, நகலைத்தான் ஆராயணும். அதுதான் முறை."

"ஆட்டுக்கு எப்படி ஐயா நகல் எடுப்பது?"

"ஒரு கிடாயும் அஞ்சு மாச அவகாசமும் வேணும்."

அவகாசம் கிடைத்தது. நகலும் பிறந்தது. ஆனால் அதற்கு இடது காது கறுப்பு. கீரியார் உதட்டைப் பிதுக்கினார். இந்தத் துறையில் ஹாஷ் மதிப்பு என்று ஒன்று உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறி, இது அசல் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒரு காதே மாறியிருந்தது. 'செல்லாது' என்று எழுதினார்கள். செல்லாத நகலையும் அசலோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது விதி. குட்டி தாய் மடியிலேயே கிடந்தது.

வழக்கு இழுப்பதைப் பார்த்த யானையார் செயற்கை நுண்ணறிவுக் கிளியை வரவழைத்தார். காட்டில் இதுவரை பேசப்பட்ட அத்தனையையும் கேட்டு வளர்ந்த கிளி. கார்டைப் பார்க்காமலே அதில் இருப்பதை ஊகித்துச் சொல்லும்.

"கார்டில் புலி இல்லை," என்றது கிளி. "ஏழு மான்களும் விருப்ப ஓய்வு பெற்றுக் கடற்கரைக்குப் போய்விட்டன. ஒட்டகச்சிவிங்கி எதிர் வரிக்குதிரை வழக்கில் தாங்களே இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்."

அந்தக் காட்டில் ஒட்டகச்சிவிங்கியும் இல்லை, வரிக்குதிரையும் இல்லை. இப்படி இல்லாததை இருப்பதாகச் சொல்வதற்குத் துறையில் மாயத்தோற்றம் என்று பெயர். ஆனால் யானையாரின் தீர்ப்பை யாராவது மேற்கோள் காட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"ஆமாம், நல்ல தீர்ப்பு அது," என்றார். "அப்படியானால் கார்டு தேவையில்லை. ஆட்டை அவிழ்த்துவிடுங்கள்."

வேங்கையப்பன் நாக்கைச் சுழற்றினான். சொக்கி பதற்றத்தில் அசை போட்டாள். இத்தனை மாதமும் இரைப்பையின் மூலையில் கிடந்தது மேலேறி வாய்க்கு வந்தது. கார்டு!

துப்பலாம். துப்பினால் புலி மாட்டுவான். போன தடவை முயல்களைத் தின்றதற்கு அவனுக்குக் கிடைத்த தண்டனை, பக்கத்து மலைக்குப் பதினைந்து நாள் இடமாற்றம். பதினாறாம் நாள் பசியோடு திரும்பினான். சொக்கி குட்டியின் கறுப்புக் காதைப் பார்த்தாள். கார்டை விழுங்கினாள்.

"ஐயா, கிளி சொன்னது கார்டோட பொருந்துதான்னு பார்க்க வேண்டாமா? நாளைக்கு மேல்முறையீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க?"

கீரியார் துள்ளினார். "அதானே! பொருத்திப் பார்க்கக் கார்டு வேணும். கார்டை எடுக்க நகல் வேணும். நகல் எடுக்க..."

"கிடாய்," என்று யானையார் பெருமூச்சு விட்டார். "ஐந்து மாதம் ஒத்திவைக்கிறேன்."

வெளியே வேங்கையப்பன் மெல்ல அருகில் வந்தான். "உன் வாயில கார்டைப் பார்த்தேன்டி. ஏன் துப்பல?"

"துப்பினா நீங்க மாட்டிப்பீங்க அண்ணே. நானா செத்தாலும் பிரேதப் பரிசோதனை பண்ணுவாங்க, கார்டு வெளியே வந்துடும். யோசிச்சுப் பாருங்க."

வேங்கையப்பன் ராத்திரி முழுக்க யோசித்தான். விடிந்ததும் ஒரு கட்டு ஆலந்தழையோடு வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டான். "சாப்பிடு தங்கச்சி. மழையில நனையாதே. உடம்பைப் பார்த்துக்க."

இன்று சொக்கிக்குப் பதினான்கு நகல்கள். எல்லாம் செல்லாதவை, எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. காணாமல் போன மான்கள் இப்போது இருபத்து மூன்று. ஓடைக்கரையில் புதுக் கேமரா மாட்டினார்கள். அதன் கார்டை உறையில் போடவில்லை, பசையும் தடவவில்லை. கறுப்புக் காதுக்காரி வெறும் கார்டையே தின்றுவிட்டாள்.

நீதி: நிரபராதியாக வாழ்வதைவிட ஆதாரமாக வாழ்வது ஆயுளுக்கு நல்லது.