உன் அக்கா கையில் வந்த கொப்புளம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே சுகம். அதிலும் நான் ஒரு படி மேலான சுகம். உன் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பிள்ளை உண்டான உடனேயே சட்டம் போட்டுவிட்டாள்: இருமுகிறவர் யாரும் குழந்தையைத் தூக்கக் கூடாது. யாரை மனதில் வைத்துச் சொன்னாள் என்பது ஊருக்கே தெரியும். குளிர்காலம் வந்தால் நான் இருமுகிற இருமலில் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். முதல் பேரப்பிள்ளையைக் கையில் வாங்க முடியாதென்றால் எப்படி மனசு கேட்கும்? அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டார்கள். குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியை வயதானவர்களுக்குப் போட்டால் மற்ற சளி இருமலையும் உடம்பு எதிர்க்குமா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடும் நர்சுக்கே தெரியாது. முதல் ஆளாகப் போய் நின்றேன். துணைக்கு வந்த உன் அக்காவையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி என்றார் டாக்டர். தோலுக்கடியில் காவல் இருக்கும் அணுக்கள் அதை விழுங்கி, ஒரு துண்டை அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் மற்ற அணுக்களுக்குக் காட்டுமாம். இப்படி ஒரு தரம் பழகிய காவல், வேறு கிருமி வந்தாலும் சீக்கிரம் விழித்துக்கொள்ளுமாம். முப்பது வருடம் தொழிற்சாலை வாசலில் காவல் மேற்பார்வை பார்த்தவனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? ஒரு முறை தாமிரக் கம்பி திருட்டுப் போன பிறகு என் ஆட்கள் முதலாளியின் மாமனாரையே சோதனை போட்டார்கள்.

மூன்றாம் வாரம் உன் அக்கா கையில் கொப்புளம். சிவந்து, சீழ் வைத்து, ஆறி, மறுபடி கசிந்தது. துணி பட்டாலே முகம் சுளித்தாள். என் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. அன்றே எனக்குப் புரிந்துபோயிற்று. என் அணுக்கள் சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டன. அவளுடையவை கூட்டம் கூட்டிக் கலாட்டா பண்ணுகின்றன. இதை அவளிடம் அன்பாக, நாளுக்கு இரண்டு தரம் மட்டும் எடுத்துச் சொன்னேன். அதே ஆராய்ச்சியில் ஊசி போட்டுக்கொண்ட கீழ்வீட்டுத் தபால்காரர் கையிலும் ஒன்றும் வரவில்லை. பாவம், அவருக்கு உப்புத் தண்ணீர்தான் போல என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

குளிர்காலம் முழுக்க எனக்கு ஓர் இருமல் இல்லை. மப்ளரைப் பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. போன வாரம் பேத்தி பிறந்தாள். அவளுக்கும் அதே ஊசியாம்; தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே மருந்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நாளைக்குப் போகிறோம். பேத்தியை முதலில் கையில் நான்தான் வாங்குவேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் உடம்பும் உன் அக்கா வழிதான், ஜாக்கிரதை.

இப்படிக்கு,
இரும்பு உடம்புக்கார அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்துவிட்டது. உன் அக்காவுக்குப் போட்டதுதான் மருந்து. அணுக்கள் மும்முரமாக வேலை செய்ததால் வந்த கொப்புளமாம். எனக்குப் போட்டது உப்புத் தண்ணீர். ஆகவே மேலே என் அணுக்களைப் பற்றி எழுதியதையெல்லாம் உன் அக்காவுடையதாக மாற்றிப் படித்துக்கொள். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனைத் தேடினேன். உன் அக்கா அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "மருந்தே இல்லாம குளிர்காலம் பூரா இருமாம இருந்தீங்களே, அது போதும். பிள்ளைய நீங்களே முதல்ல வாங்குங்க" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமல் இல்லை, தம்பி.