தவக்காலத்துக் கருவாடு

கொட்டாஞ்சேனை,
தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு.

பேரன்புள்ள யூஜினா அக்கா அறிவது,

ஆண்டவர் கிருபையால் மன்னாரில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை.

உங்கள் மருமகன் றொனிக்குப் பிறஷராம் அக்கா! இருபத்திநாலு வயதில் நூற்றி அறுபதுக்கு நூறு. இரண்டு கிழமைக்கு முன் கப்பல் வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் டொக்டர் இரண்டு தரம் அளந்துவிட்டு, "தம்பி, இது உம்மட அப்பாட றிப்போட்டா?" என்று கேட்டாராம். ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் வேலை இல்லை. கப்பல் போனால் போகட்டும் அக்கா, நம்முடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் வாய் கோணி விழுந்தபோது நீங்களும் நானும்தானே தூக்கினோம்? கந்தோரில் நூடில்ஸ், பின்னேரம் கொத்து ரொட்டி, வழியில் மாங்காய் அச்சாறு என்று உப்பாகவே தின்றிருக்கிறான். போதாததற்குத் தவக்காலம் என்று என் மனுஷி றஞ்சிதம் இறைச்சியை நிறுத்தினாள், அதற்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய சீலாக் கருவாடு நாள்தோறும் சட்டியில். பாவத்துக்குப் பரிகாரம் செய்யப்போய்ப் பிள்ளைக்குப் பிறஷரை ஏற்றிவிட்டோம்.

அன்றே சட்டம் போட்டேன். கருவாடு, அச்சாறு, நூடில்ஸ் எல்லாவற்றையும் பறித்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கறிக்கு உப்பில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையில" என்று றஞ்சிதம் மூக்கைச் சிந்துகிறாள். றொனியோ, "அப்பா, இது தவக்காலமா, மறியற்சாலையா?" என்று கேட்டுவிட்டு அதையே விழுங்குகிறான். பாவம், மெலிந்து போனான். அவன் சோற்றுக் கோப்பையைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே அக்கா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இனிமேல் கருவாடு அனுப்ப வேண்டாம். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மடு மாதாவிடம் றொனிக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

இப்படிக்கு, மனம் உடைந்த தம்பி,
ஹியூபேட்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் றொனி பிறஷர் மெஷின் ஒன்று வாங்கி வந்தான். அவனுக்கு நூற்றி முப்பது. ஆண்டவருக்குத் தோத்திரம்! அந்தச் சந்தோஷத்தில் நானும் கையை நீட்டினேன். நூற்றித் தொண்ணூறு. அலுமாரித் திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்தான். உள்ளே ஒரு துண்டுக் கருவாடும் மிச்சமில்லை. சாப்பாட்டை எறிவது பாவம் அல்லவா, அக்கா? அவன் என்னைத் திட்டவில்லை. "அப்பப்பாவ நீங்க ரெண்டு பேர் தூக்கினீங்க. உங்கள நான் தனிய எப்பிடித் தூக்குறது?" என்று கேட்டு அழுதான். இனிக் கப்பலுக்குப் போகமாட்டானாம். மெழுகுதிரியை எனக்காகக் கொளுத்துங்கள்.