டவலை எறிய வேண்டியது யார்?

ஓர் ஆங்கிலச் சொற்றொடருக்காக வேலையையே பணயம் வைத்த மனிதர் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். எங்கள் விதைக் கம்பெனியின் டெஸ்பாட்ச் குமாஸ்தா. மொரப்பூரிலிருந்து ரயிலில் வருவார். அவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் 'டவல்'.

பெயர் வந்தது ஒரு மீட்டிங்கில். விற்பனை படுத்திருந்த நேரம். மேனேஜர் மேஜையைத் தட்டி, "ஐ வில் நெவர் த்ரோ இன் தி டவல்" என்றார். தோல்வியை ஒப்புக்கொள்ள மாட்டாராம். எல்லோரும் தலையாட்டினோம். இவர் எழுந்தார்.

"சார், அது குத்துச்சண்டையில இருந்து வந்ததுங்க. டவலை எறியறது அடி வாங்கறவன் இல்லீங்க. அவனுக்குத் தண்ணி குடுக்க மூலையில ஒருத்தன் நிக்கறானே, அவன். இதுக்கு மேல அடிச்சா செத்துருவான், போதும்னு அவன்தாங்க எறியோணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்ப நான் என்னய்யா பண்ணணும்?"

"நீங்க அடி வாங்கிட்டு நின்னாப் போதுங்க."

அதற்குத் தண்டனையாக மூன்று மாதம் குடோனில் எலிகளோடு இருந்தார். திருந்தவில்லை. கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி, டவலை எறிகிறேன் என்று ராஜினாமா எழுதி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி அவரிடம் கொடுத்தாள். "இது செல்லாதும்மா. உனக்காக வேற யாராச்சும் எழுதோணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் சிரித்தாள், அழுதாள், பிறகு சீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பிறகு வந்தது ஆண்டுவிழா பாட்மிண்டன். எனக்கு ஐம்பது வயது, எதிரே நின்ற சேல்ஸ் ஆசாமிக்கு இருபத்தாறு. முன்வரிசையில் என் மனைவியும் மகளும். அவன் பதினெட்டு, நான் நாலு. இடது தோள் கனத்தது. வியர்வை சில்லிட்டது. பந்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. நிறுத்தினால் மானம் போய்விடும். நிறுத்தவில்லை.

டவல் கோட்டோரம் வந்து நின்றார். "சார், போதுங்க."

"அந்தப் பக்கம் போய்யா."

"மூஞ்சி வெளுத்துருச்சுங்க."

சர்வீஸ் போட மட்டையைத் தூக்கினேன். ஓர் ஈரத் துண்டு பறந்துவந்து நெட்டின்மேல் விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ மொபைலில் படம் பிடித்தார்கள். மட்டையை ஓங்கிக்கொண்டு அவரை அடிக்கப் போனேன். நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் மடிந்தது. சிரிப்பு நின்றது. தரையில் விழாமல் என்னைத் தாங்கியது அவர்தான். ஆஸ்பத்திரி போகும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதீங்க சார், பேசிக்கிட்டே வாங்க" என்றபடி இருந்தார்.

மாரடைப்பு. இன்னும் ஒரு செட் ஆடியிருந்தால் கொண்டுவந்தும் பயனிருந்திருக்காது என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கட்டிலோரம் டவல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவமானம் இன்னும் ஆறவில்லை.

"விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்யா."

"தெரியுங்க சார்" என்றார், போர்வையை என் பாதம்வரை இழுத்துவிட்டபடி.