மல்லசந்திரத்தில் என்னைப் பெண் பார்த்த கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் போகாத இடமாகத் தேடிப் போவது. பார்த்ததோடு நில்லாமல் மற்றவர்களையும் இழுத்துப் போய்க் காட்டுவது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தபோது, ரூமில் எல்லோரும் தூங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்கூட்டியில் நடுகல், பாறை ஓவியம் என்று அலைவேன். (அம்மா இதற்கு வைத்த பெயர் "காத்து கருப்பு தேடுறது".)

பர்கூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பையனுக்குக் கிரானைட் குவாரியில் வேலை. கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் விடுவேனா? "சூளகிரிப் பக்கம் மல்லசந்திரம் மலையில பாண்டவர் வீடு இருக்குதுங்க, நல்லா காத்து வரும்" என்று அப்பாவைச் சொல்ல வைத்தேன். பாண்டவர் என்றதும் பையனின் அம்மா உடனே சம்மதித்தார்.

மலையேறிய களைப்பில் பையனின் அம்மா பலகைக் கற்களால் ஆன ஓர் அறைக்குள் நிழலுக்கு உட்கார்ந்தார். பூவும் பழமும் வெற்றிலையும் இருந்த தட்டைப் பக்கத்தில் வைத்தார். எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். பையன் மட்டும் சாப்பிடாமல் கூரைக்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரேன் இல்லாம இத எப்படிங்க தூக்கி வெச்சிருப்பாங்க?"

அதுவரை வந்தவர்கள் எல்லாம் சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவர்க்கல்லில் இருந்த வட்டமான ஓட்டை வழியாக அவர் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் நான். "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்றார் மெதுவாக.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். சந்தோஷத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

"பாண்டவர்னு சும்மா சொல்றதுங்க. இது செத்தவங்கள வெச்ச இடம், ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. அத்தை உக்காந்திருக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய சமாதி!" (அதற்குள் அத்தை!)

அந்த அம்மாவின் கை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"அய்யோ சாமி, பொணக்குழியில உக்கார வெச்சு சோறு போட்டுட்டாளே!"

தட்டைக்கூட எடுக்காமல் இறங்கினார். என் அம்மா என்னைக் கிள்ளிய கிள்ளில் தோல் கன்றிப்போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கன்னடத்தில் "ஏனாயித்து?" என்று விசாரித்தார். என்ன ஆயிற்று என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவிடமிருந்து இன்னொரு கிள்ளு. பையன் காரில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். கல்லைத்தான் பார்த்தார் என்கிறாள் என் தங்கை. இருக்கட்டுமே.

மறுநாளே வேண்டாம் என்று போன் வந்தது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மத்தூரில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் நல்லவர். சொந்தத்தில் யாருக்கு வரன் அமைந்தாலும், "எங்க வெச்சுப் பொண்ணு பாக்கலாம்னு இவளக் கேளுங்க, நல்ல சுடுகாடாப் பாத்துச் சொல்லுவா" என்பார். வீடே சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன்.

ஆனால் அந்த மலைக்கு ஒரு தடவையாவது கணவரோடு போகவேண்டும் என்று இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. போன வாரமும் கூப்பிட்டேன். "கல்லுல என்னா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். சொல்வதற்கு என்னிடம் அவ்வளவு இருக்கிறது.