படலைகளைக் கடந்த நேரை அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொந்தக்காரர் வீட்டு வாசல் படலையை நிற்காமல் கடந்துபோகத் துணிந்த ஒரே மனிதர் எங்கள் கந்தோர்த் தலைமை எழுதுவினைஞர்தான். றைவருக்கு அவர் சொல்லும் ஒரே கட்டளை "நேரை போ." அதனால் அவர் எங்களுக்கு நேரை அண்ணை.

பங்குனி பிறந்தால் கந்தோர் ட்ரிப். ஒரு வருடமும் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வழியில் யாராவது ஒருவரின் மாமி இருப்பார். தேத்தண்ணி சோறாகும், சோறு பொழுதை விழுங்கும். இறங்காமல் போனாலோ, சொந்தக்காரர் எங்கள் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள்.

அந்த வருடம் நேரை அண்ணைக்கு அடுத்த வெள்ளியோடு பென்சன். "பருத்தித்துறை எங்கடை ஊர். ஒருக்காலெண்டாலும் உங்களைத் தெருமூடிமடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டன்" என்றார்.

ட்ரிப் வான் நீர்வேலிக்கு வந்ததும், "எங்கடை ரைப்பிஸ்ற் சாந்தியின்ரை மாமி வீடு! எல்லாரும் குனியுங்கோ!" என்று கத்தினார். குனிந்தோம். வெளியில் பார்த்தவர்களுக்கு றைவர் மட்டும் வெறும் வானை ஓட்டிப்போனதுபோல் இருந்திருக்கும்.

ஆவரங்கால் தாண்ட, களஞ்சியம் பார்க்கும் யோகனின் போன் அடித்தது. அவனுடைய பெரியம்மா. நேரை அண்ணை போனைப் பறித்தார்.

"யோகன் ட்ரிப் வரேல்லை அம்மா. காய்ச்சல். போனை என்னட்டை விட்டிட்டான்."

இதைவிடப் பெரிய பிழையை எங்கள் ஊரில் ஒருவர் செய்ய முடியாது. பத்து நிமிடத்தில் நாலு சித்தப்பாமார் எங்களுக்குப் போன் எடுத்தார்கள். பெரியம்மா மல்லித்தண்ணியும் போத்தலுமாக ஓட்டோ பிடித்து யோகன் வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாராம்.

"அண்ணை, வானைத் திருப்புங்கோ! வீட்டிலை மனுசி என்னைக் கொல்லப்போறாள்!" என்று யோகன் அலறினான்.

"இல்லாத காய்ச்சலுக்கு மருந்து போகுதெண்டால் போகட்டும். நேரை போ!"

வல்லை வெளியில் வீடு வாசல் கிடையாது. அங்கேதான் நேரை அண்ணை முதன்முறையாகச் சாய்ந்து இருந்தார். பாவம், நெல்லியடியை மறந்துவிட்டார். அங்கே நடுரோட்டில் அகப்பையும் கையுமாக ஒரு அம்மா நின்றார். நேரை அண்ணையின் சொந்த அக்கா. ட்ரிப் செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"எட, கூடப்பிறந்தவளின்ரை படலையையும் தாண்டிப் போவியோ? விடியத் தொடக்கம் பன்னிரண்டு பேருக்குச் சமைச்சு வைச்சிருக்கிறன்!"

நேரை அண்ணைக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, உன்ரை வீட்டிலை இறங்கினால் உவங்கள் பொழுதுபட்டாலும் எழும்பமாட்டாங்கள்."

"அப்ப சோறு?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். "சோத்தையும் ஏத்து. நீயும் ஏறு."

அப்படித்தான் மூன்று பானைகளோடும் ஒரு அக்காவோடும் பருத்தித்துறைத் தெருமூடிமடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு பக்கமும் கல் மேடை, மேலே கூரை, நடுவே ரோடு. மடத்துக்குள்ளால் சைக்கிள்கள் போய்வர, நாங்கள் மேடையிலிருந்து கணவாய்க் கறியோடு சாப்பிட்டோம். வெயில் உள்ளே வரவில்லை. கடற்காற்று மட்டும் வந்தது.

சரித்திரம் சொல்லவென்று நேரை அண்ணை நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பொக்கற்றிலிருந்து எடுக்கவேயில்லை. பக்கத்து ஒழுங்கையின் கரையில் வீடில்லாத ஒரு வெறும் வளவைக் காட்டி, "உதிலைதான் எங்கடை வீடு இருந்தது" என்றார். அக்கா கறி பரிமாறுவதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

நாலு மணிக்கு றைவர் மெதுவாகக் கேட்டான். "அண்ணை, வெளிக்கிடுவமோ?"

"கொஞ்சம் பொறு தம்பி."

யோகன் தன் போனை நிறுத்திப் பொக்கற்றில் வைத்தான். அவரை அங்கிருந்து கிளப்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.