வெள்ளம் வராது: தொண்ணூற்றேழு சதவீதம்

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் "பேயீசியன் மாதிரிச் சராசரி மென்பொருள்" சகல மரியாதைகளோடும் வந்து இறங்கியது. அங்கே ஐந்து அதிகாரிகள், வெள்ளத்தைக் கணிக்க ஆளுக்கொரு கணக்கு மாதிரி வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி வந்தார்கள். மென்பொருள் பழைய பதிவேட்டைப் படிக்கும். இதுவரை சரியாகச் சொன்ன மாதிரிக்கு அதிக எடை போடும். ஐந்தையும் சேர்த்து ஒரே சராசரியாகச் சொல்லிவிடும்.

பதிவேட்டு எழுத்தர் அதை ஓடவிட்டார். ஐவரில் ஒருவரான இயக்குநரின் மாதிரிக்குத் தொண்ணூற்றேழு சதவீத எடை விழுந்தது. மூன்று வருஷம் ஆராய்ந்து அவர் உருவாக்கிய அந்த மாதிரி ஒரே வரிதான்: வெள்ளம் வராது.

எழுத்தரின் தங்கை, பிள்ளைகளோடு ஆற்றோரத் தெருவில் குடியிருந்தாள். வருஷா வருஷம் அங்கே முழங்கால் தண்ணீர் வரும். பதிவேட்டில் மட்டும் வராது. வெள்ளம் என்று எழுதினால் பதினான்கு படிவம் நிரப்ப வேண்டும். இல்லை என்றால் ஒரு கையெழுத்து போதும். இருபது வருஷமாக அந்தக் கையெழுத்தைப் போட்டவர் சாட்சாத் நம் எழுத்தரேதான்.

இயக்குநரிடம் போய், பதிவேடு அத்தனையும் பொய் என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

"அப்படியா? எழுதினது யாருய்யா?"

எழுத்தர் தன் மேஜைக்குத் திரும்பினார்.

அந்த வாரமே மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. சராசரியில் வெள்ள வாய்ப்பு ஐம்பது சதவீதத்தைத் தாண்டினால்தான் அபாயச் சங்கை ஊதலாம் என்பது விதி. மென்பொருள் மூன்று என்றது. சங்கு ஊதவில்லை. தங்கையும் பிள்ளைகளும் பகல் முழுக்க மொட்டைமாடியில் நனைந்து கிடந்தார்கள்; படகு வந்து இறக்கியதால் உயிர் தப்பியது.

எழுத்தருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினான்கு படிவங்களையும் அள்ளிக்கொண்டு நேரே ஆற்றோரத் தெருவுக்குப் போனார். தங்கை வாசலில் சேறு வாரிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதப்போவதாகச் சொன்னார்.

"எழுதினா என்ன ஆகும்ண்ணே?"

"தெருவே குடியிருக்க லாயக்கில்லைன்னு அறிவிச்சிடுவாங்க. எல்லாரும் காலி பண்ணணும்."

அக்கம்பக்கத்தார் சேற்றுக் காலோடு கூடிவிட்டார்கள். காலி பண்ணிவிட்டு எங்கே போவது என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"இல்லைன்னே எழுதிடுண்ணே," என்றாள் தங்கை.

தெருவே தலையாட்டியது. எழுத்தர் கணுக்கால் சேற்றில் நின்றபடி, வெள்ளம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த வருஷமாவது முன்கூட்டியே சங்கை ஊதச் சொல்லு. என்னதான் ஆபீஸ் நடத்துறீங்களோ."